செப்டம்பர் 30க்குள் இன்னும் 58,438 ராண்ட் வேண்டும்: கோயில் மண்டபக் கணினி வகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

ஓம் சக்தி

அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஆடிக் கூழ் ஊற்றி முடித்த கையோடு இந்த மடலை எழுதுகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் நம் அம்மன் கோயில் மண்டபத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கும் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் இணைய வகுப்புத் தொடங்கப்போகிறோம். கைப்பேசியையும் கணினியையும் பயமில்லாமல் பயன்படுத்தவும், ஏமாறாமல் இருக்கவும் அங்கே சொல்லித் தருவோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. நமக்காக 16 பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்த்து எடுத்து வைத்திருக்கும் வியாபாரி, செப்டம்பர் 30 வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். மொத்தச் செலவு 1,41,688 ராண்ட். கையில் இருப்பது 83,250. துண்டு விழுவது 58,438.

ஆங்கில மடல் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து நம் கோயிலையே தங்கள் கோயிலாக ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கும், கடல் கடந்து வாழும் நம் சொந்தங்களுக்கும் இதைத் தமிழில் எழுதுகிறோம்.

செயலாளராகிய நான் என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அக்கா சம்மதம் கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 71 வயது. போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை அடுப்பங்கரையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் வார்த்தைக்கு வார்த்தை "ஆன்டி, ஆன்டி" என்றானாம். "ஆன்டி, ஜோகன்னஸ்பர்க்கில் யாரோ உங்கள் கார்டில் டி.வி. வாங்குகிறார்கள். நிறுத்த வேண்டுமென்றால் இப்போது உங்கள் போனுக்கு வரும் எண்ணைப் படியுங்கள்." அக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு எண் வந்தது. அதையும் படித்தாள். "ரொம்ப நன்றி ஆன்டி, இரண்டு மணி நேரம் போனை அணைத்து வையுங்கள்" என்றான். அணைத்து வைத்துவிட்டு மறுபடி கொத்தமல்லி ஆயப் போய்விட்டாள்.

போனது 14,600 ராண்ட். மாமாவின் வருஷத் திதிக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், ஒன்பது நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயம், தம்பி என்ன நினைப்பான் என்ற வெட்கம். பணம் போன ஒரு மணி நேரத்துக்குள் வங்கியைக் கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கி, மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். என் அக்கா முட்டாள் இல்லை. டர்பன் துணி ஆலையில் 34 ஆண்டு தையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைப்பவள். அந்தக் காலை நேரத்தில் "இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்க அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அவ்வளவுதான். அந்த எண்ணைச் சொல்வது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த வேலையை எடுத்தேன்.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் தவிப்பது நம் வம்சத்துக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு டர்பன் துறையை எட்டியது. பல ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. அக்ரிமென்ட் என்ற சொல்லே அவர்கள் வாயில் கிர்மிட் ஆயிற்று. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல எத்தனை பேருக்கு ஆள் இருந்திருக்கும்? இன்று நம் ஆயாமார்கள் போனில் வரும் நீளமான ஆங்கிலத்தைப் படிக்காமல் "சரி" என்று தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் கண்முன் வருகிறது.

ஆனால் அந்த மனிதர்களின் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கரும்புத் தோட்டத்திலும் மாநகராட்சி வேலையிலும் உழைத்த காசில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். சமூகம் பாதிப் பணம் போட்டால்தான் அரசாங்கம் மீதியைத் தரும் என்ற காலத்தில், பவுனுக்குப் பவுன் சேர்த்து எழுப்பிய பள்ளிகள் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் மாகாணம் முழுக்க இருந்தன. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்து, நம்மவர்களிடம் மடிப்பிச்சை கேட்டுத் திரட்டிய பணத்தில் எழுந்ததுதான் 1929இல் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரி. கொடுத்தவர்களில் சிலருக்குத் தங்கள் பெயரை எழுதக்கூடத் தெரியாமல் இருந்திருக்கலாம். தங்கள் பிள்ளைகள் அங்கே படிப்பார்களா என்பதும் தெரியாது. கொடுத்தார்கள்.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து, டர்பன் மாநகராட்சி ஊழியர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸ் வரிசை வீடுகளிலிருந்து நம் குடும்பங்களை 1960களில் இந்தச் சாட்ஸ்வர்த் மேட்டுக்குக் கொண்டுவந்து தள்ளினார்கள். அங்கே ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே திண்ணையில் தேவாரம் பாடியவர்கள், இங்கே ஆளுக்கொரு யூனிட்டில் சிதறிப்போனார்கள். வீடு இருந்தது, கோயில் இல்லை, தமிழ் வகுப்பு இல்லை. சனி ஞாயிறுகளில் தாத்தாமார்கள் மணல் சலித்து, ஆயாமார்கள் தலையில் செங்கல் சுமந்து கட்டியதுதான் நம் மண்டபம். பின்னறைச் சுவரில் பூச்சு கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று குழுவில் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம்.

என்ன சொல்லித் தரப்போகிறோம் என்று பலர் கேட்கிறார்கள். முதல் பாடம், வங்கி என்று சொல்லி யார் அழைத்தாலும் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நாமே அழைப்பது. திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் நம்பக்கூடாது, அதையும் போலியாகக் காட்ட முடியும். போனில் சிக்னல் திடீரென்று போய் வெகு நேரம் வராவிட்டால், யாரோ நம் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உடனே வங்கியையும் தொலைபேசி நிறுவனத்தையும் கூப்பிட வேண்டும். "தவறிப்போய் உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்" என்று தோழியின் வாட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வந்தாலும் அனுப்பாதீர்கள். தோழியின் கணக்கு ஏற்கெனவே திருடனின் கையில் இருக்கும், அடுத்தது உங்களுடையது. வாட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டாக நாமே ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதை ஒவ்வொருவர் போனிலும் வகுப்பிலேயே உட்கார்ந்து போட்டுக் கொடுப்போம்.

இளைஞர்களும் வரட்டும். மாதம் 370 ராண்ட் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தரகனுக்குப் பணம் கொடுக்கும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த விண்ணப்பம் இலவசம். அரசாங்கத் தளத்தின் முகவரி "கவ் டாட் இசட்ஏ" (gov.za) என்று முடிய வேண்டும், பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பது மட்டும் போதாது. போலித் தளமும் பூட்டு மாட்டிக்கொண்டுதான் வருகிறது. பழைய மேசை நாற்காலியை இணையத்தில் விற்பவர்கள், "பணம் போட்டாயிற்று" என்று வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிடாமல், தங்கள் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். பேரன் குரலிலேயே அழுதுகொண்டு பணம் கேட்கும் அழைப்புகளும் வரக்கூடும், இப்போது குரலையும் நகல் எடுக்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லாக வைத்தால் இன்னும் நல்லது.

ஏமாந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லித் தருவோம். முதலில் வங்கி, அடுத்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்குவது. 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, இது சட்டப்படி குற்றம் என்று துணிந்து சொல்லலாம். அடையாள அட்டை எண் திருடர் கையில் சிக்கியவர்கள் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம். இவையெல்லாம் போக, பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசுவது, முன்பண மின்சாரம் வாங்குவது, மின்னஞ்சல் அனுப்புவது என்று சந்தோஷமான பாடங்களும் உண்டு. இரண்டு பெரியவர்களுக்கு ஒரு பிள்ளை பக்கத்தில் உட்காரும். நூலகத்தில் கணினி இருக்கிறதே என்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். அங்கே கணினி இருக்கிறது, ஆயாவின் பக்கத்தில் பொறுமையாக உட்கார ஆள் வேண்டுமே.

கணக்கைப் பாருங்கள். மடிக்கணினி ஒன்று 3,200 வீதம் 16க்கு 51,200. பழைய புரொஜெக்டரும் திரையும் 7,800. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் 14,500. ஃபைபர் இணைப்பு மாதம் 649 வீதம் ஓராண்டுக்கு 7,788. மின்கம்பி, பிளக் சாமான்கள் 9,400, கூலி கிடையாது. கூரை ஒழுகல், இரும்புக் கதவு, சன்னல் கம்பி 18,600. பெரிய எழுத்தில் தமிழும் ஆங்கிலமுமாக 600 கையேடுகள், ஒன்று 24 வீதம் 14,400. நடக்க முடியாதவர்களை அழைத்து வர வண்டி, 40 வகுப்புக்கு 450 வீதம் 18,000. கையேட்டில் தமிழ் எதற்கு, செலவுதானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி, பேணி மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதற்காகச் சட்டம் வந்து நமக்குப் புத்தகம் அச்சடித்துத் தராது. நாம்தான் அடிக்க வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஐம்பதாவது திருமண நாள் விருந்தை நிறுத்திவிட்டு 15,000 ராண்டை உறையில் போட்டு அம்மன் பாதத்தில் வைத்த தம்பதியருக்கு எங்கள் சிரம் தாழ்ந்த வணக்கம். இரவு இரண்டு மணிக்கே எழுந்து வெங்காயம் உரித்து, 400 பொட்டலம் பிரியாணி போட்டுச் செலவு போக 19,350 சேர்த்த மாதர் குழுத் தாய்மார்கள் நீடூழி வாழ்க. அந்தப் புகையில் கண் எரிந்து நின்றவர்களை நாங்கள் பார்த்தோம். ஜாடியில் சில்லறை சேர்த்து 1,215 ராண்ட் கொண்டுவந்து மேசையில் கொட்டிய தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு, எண்ணி முடிக்கும்வரை கூடவே நின்ற அவர்கள் பொறுமைக்கும் சேர்த்து, நன்றி. சிட்னியிலிருந்து 10,000 அனுப்பிய அண்ணாவுக்கு நன்றி. 5,000 கொடுத்து, "என் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்" என்ற பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் பெரியவருக்கு, முதல் வரிசையில் நாற்காலி உண்டு. ஓய்வூதியத்திலிருந்து மாதம் 200 தரும் கைம்பெண் தாய் ஒருவர், தன்னைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றார். இந்த ஒரு வரிக்கு மன்னிக்கவும், அம்மா. கூலி வாங்க மறுத்த மின்பணித் தம்பிக்கு முருகன் துணை.

இனி மனம் கோணாமல் கேளுங்கள். சித்திரைப் பிறப்பன்று மண்டபத்தில் கை தூக்கி வாக்குக் கொடுத்தவை 31 குடும்பங்கள். கொடுத்தவை 19. மீதி 12 குடும்பங்களின் பெயர் பொருளாளர் நோட்டில் இருக்கிறது, இங்கே எழுத மாட்டோம். ஆனால் அம்மன் முன்னால் கொடுத்த வாக்கு அது. கஷ்டம் இருந்தால் வந்து சொல்லுங்கள், பாதி கொடுங்கள், தவணையில் கொடுங்கள். பேசாமல் பக்கவாட்டு வாசல் வழியாகப் போவதுதான் மனதை வருத்துகிறது. கேப் டவுனிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்கு விலை உயர்ந்த போன் வாங்கி அனுப்பினீர்கள், சந்தோஷம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தர உங்களுக்கு நேரம் இல்லை, நாங்கள் சொல்லித் தருகிறோம். அந்தப் போனின் விலையில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அடுத்த பிரியாணி விற்பனை செப்டம்பர் முதல் ஞாயிறு. புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கறி அடுப்பேறாது, அதனால் அதற்கு முன்பே வைத்துக்கொள்கிறோம். பொட்டலம் வாங்க முடியாதவர்கள் வெங்காயம் உரிக்க வாருங்கள்.

கோயிலின் வங்கிக் கணக்கு எண்ணை இந்த மடலில் வேண்டுமென்றேதான் போடவில்லை. மடலை நகல் எடுத்து, எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவது திருடனுக்கு ஐந்து நிமிட வேலை. கோயில் பெயரில் வாட்ஸ்அப்பில் எந்தக் கணக்கு எண் வந்தாலும், என் பெயரிலேயே வந்தாலும், பணம் போடாதீர்கள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மடப்பள்ளிக்குப் பக்கத்து மேசையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். நேரில் வந்து கொடுங்கள், அல்லது கணக்கு எண்ணை அவர் கையெழுத்திட்ட தாளில் வாங்கிப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள உங்கள் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்புங்கள். ரசீது வாங்காமல் யாரும் போக வேண்டாம். செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு ஞாயிறும் பகல் ஒரு மணிவரை மேசை இருக்கும்.

இப்படிக்கு,
மண்டபக் கணினி வகுப்புக் குழு சார்பாக,
செயலாளர்