இறங்குகிற அன்றே விமானம் பிடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் ஐரோப்பாவின் டான்யூப் நதிக் கப்பல் பயணத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த மாலை நேரங்கள் என்று எல்லாமே நன்றாக எழுதியிருந்தார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் கடைசியில், மறுநாள் காலை இறங்கி விமானம் ஏறினோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மாதிரிப் பயணத்தில் பாதித் தொல்லை அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நதிக் கப்பலில் போகிறவர்கள் இறங்கும் நாளன்று வீட்டுக்கு விமானம் வைத்துக்கொள்ளக் கூடாது. வழியில் ஏதாவது ஒரு ஊரில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதையும் டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஊர் சுற்றும் ஆசையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கடல் கப்பல் மாதிரி இல்லை இது. கடலில் தண்ணீர் குறையாது, ஆற்றில் குறையும்.

நானும் வீட்டுக்காரரும் போனது ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஏறி ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் இறங்குகிற பயணம், அதாவது நீரோட்டத்துக்கு எதிராக மேலே போவது. அக்டோபர் மாதம். ஆஸ்திரியாவில் லின்ஸ் ஊரைத் தாண்டிய பிறகு சாப்பாட்டு நேரத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார்கள்: மேலே ஆற்றில் தண்ணீர் போதவில்லை, கப்பல் ஜெர்மனியின் எல்லை ஊரான பாஸாவோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ். எங்கள் மேஜையில் இருந்த வயதான தம்பதிக்கு மியூனிக்கில் இருந்து காலை விமானம். அவர்களுக்கான பஸ் அதிகாலை மூன்றரைக்கு என்று ரிசப்ஷனில் எழுதி ஒட்டினார்கள். அந்த அம்மா அதற்கப்புறம் தூங்கவே இல்லை, ராத்திரி முழுக்கப் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாராம். எங்களுக்கு மியூனிக்கில் தங்கும் திட்டம் ஏற்கெனவே இருந்ததால் ஒரு போன் போட்டு ஓட்டலுக்குத் தகவல் சொன்னதோடு சரி.

கப்பல்காரர்கள் மேல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பாஸாவுக்கு மேலே வில்ஸ்ஹோஃபனில் இருந்து ஸ்ட்ரௌபிங் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், அணை எதுவும் கட்டாமல் ஆறு இயல்பாக ஓடுகிற இடம். மற்றப் பல இடங்களில் அணையும் நீர்ப்பூட்டும் (கப்பலை ஏற்றி இறக்கும் மதகு) போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள், இங்கே மழை பெய்தால்தான் உண்டு. இந்தக் கப்பல்கள் தட்டையானவைதான், ஆனாலும் சுமார் ஒன்றரை மீட்டர் நீருக்குள் அமிழும். ரைன் நதியிலும் இதே கதைதான். அங்கே காவ்ப் என்கிற ஊரின் நீர்மட்ட அளவுகோலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது (அது ஆற்றின் ஆழம் இல்லை, அளவுகோலில் காட்டும் எண், ஆழம் அதைவிட அதிகம், இருந்தாலும் கப்பல்களைக் கலங்கடிக்க அது போதும்). 2022 ஆகஸ்டிலும் அதே மாதிரி வறண்டது. தண்ணீர் கூடினாலும் வம்பு, பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. 2013 ஜூன் வெள்ளத்தில் பாஸாவில் ஆறு 12.89 மீட்டர் உயரத்துக்கு ஏறியது, அப்படியொரு வெள்ளம் 1501க்குப் பிறகு அந்த ஊர் பார்த்ததில்லை. இதெல்லாம் நடக்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். அதனால்தான் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில், வழியை மாற்றலாம், பஸ்ஸில் ஏற்றலாம், வேறு ஊரில் இறக்கலாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். நாமும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம்.

இதில் விமானக் கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் கிடையாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்து கிளம்பும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நஷ்டஈடு கேட்கலாம், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு 600 யூரோ வரை, சட்டமே இருக்கிறது. ஆனால் விமானம் நேரத்துக்குக் கிளம்பி நாம் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு நின்றால் அது நம் பாடு. கப்பலையும் விமானத்தையும் ஒரே கம்பெனியிடம் சேர்த்து வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை விற்றவருக்கு உண்டு. தனித்தனியாக வாங்கியவர்கள் இன்சூரன்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும், அதிலும் பயண வழி மாறினால் பணம் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, தண்ணீர் நன்றாக ஓடுகிறது, கப்பல் சொன்ன இடத்தில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இறங்குகிற காலை சுகமாக இருக்காது. முந்தின ராத்திரியே கலர் சீட்டு கட்டிய பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லும் கப்பல்கள் உண்டு, மாத்திரையையும் மாற்று உடையையும் அதற்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காலையில் தவிப்பவர்களைக் கட்டாயம் பார்க்கலாம். எட்டு, ஒன்பது மணிக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும், அன்று மதியமே அடுத்த கூட்டம் ஏறுகிறதே. சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை ரிசப்ஷனில் வாங்கி வைத்திருப்பார்கள், அதை மறக்காமல் திருப்பி வாங்க வேண்டும். கரையில் இடம் இல்லையென்றால் இரண்டு மூன்று கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டிவிடுவார்கள், அடுத்த கப்பலின் உள்ளே புகுந்துதான் தரைக்கு வர முடியும். விமானம் ராத்திரி பத்து மணிக்கு என்றால் அந்த நாள் முழுக்கப் பெட்டியோடு எங்கே போவீர்கள்? விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டர் திறக்கிறவரை தள்ளுவண்டியைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு ஓட்டல் அறை எவ்வளவோ மேல்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம், விமான நிலையத்துக்குக் கொண்டுவிடும் வண்டி. விளம்பரத்தில் "இலவசம்" என்று போட்டிருப்பார்கள். பல கம்பெனிகளில் அது இறங்குகிற அன்று கிளம்புகிறவர்களுக்கு, அதுவும் அவர்கள் மூலமே டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். நாம் சொந்தமாக ஊரில் தங்கினால் அந்த வண்டி கிடைக்காது. அதற்காகக் கம்பெனியே விற்கிற கூடுதல் தங்கலை வாங்க வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம், வேண்டாம். ஓட்டல், வழிகாட்டி, பஸ் எல்லாம் சேர்த்து அவர்கள் போடுகிற விலைக்கு நாமே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல அறை எடுத்துவிடலாம். முழங்கால் வலிக்காரர்கள், பெட்டியை இழுக்க முடியாதவர்கள் வேண்டுமானால் வாங்கட்டும், அவர்களுக்கு அந்தக் காசு தகும்.

எந்த ஊரில் தங்குவது என்பதை விமானத்தை வைத்து முடிவு செய்யுங்கள், அழகை வைத்து அல்ல. புடாபெஸ்டில் முடிகிற கப்பல் என்றால் அங்கேயே தங்கலாம், நடு ஊரில் இருந்து 100இ என்கிற பஸ் நேரே விமான நிலையம் போகிறது, ஆனால் சாதாரண நாள் பாஸ் அதில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். அங்கே பணம் ஃபோரின்ட், யூரோ இல்லை. வியன்னா என்றால் மத்திய ரயில் நிலையத்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் விமான நிலையம். ஆம்ஸ்டர்டாமில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே கப்பல் நிற்கும் இடங்கள் உண்டு, அங்கிருந்து ஸ்கிபோல் விமான நிலையத்துக்கும் ஏறக்குறைய கால் மணி நேரம்தான். ஒன்று மட்டும், ஏற்கெனவே கப்பல் இரண்டு நாள் நின்று சுற்றிப் பார்த்த ஊரிலேயே மறுபடி தங்குவது எனக்குப் பிடிக்காது. அப்புறம், புடாபெஸ்டுக்குப் போய் மியூனிக்கில் இருந்து திரும்புவது போன்ற டிக்கெட்டை மல்டி சிட்டி என்று ஒரே டிக்கெட்டாகத் தேடுங்கள். இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் விலை கூடும், தவிர ஒன்று தவறினால் மற்றதை யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

நாங்கள் பாஸாவில் இருந்து ரயிலில் போனோம். பொறுமையாகப் போகிற வண்டிதான், மியூனிக்குக்கு இரண்டே கால் மணி நேரம் பிடிக்கிறது. மியூனிக்கில் பஸ்ஸில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றும் வேலையெல்லாம் நான் வைத்துக்கொள்ளவில்லை, கப்பலில் அதைத்தானே தினமும் செய்தோம். ஆல்ட்டெ பினாகோதெக் என்கிற ஓவியக் கூடத்துக்குப் போனோம், நாங்கள் போன சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை அங்கே நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு யூரோ, திங்கட்கிழமை விடுமுறை. அங்கே ஆல்ட்டோர்ஃபர் என்பவரின் ஒரு சின்ன ஓவியம், உயரம் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும், 1520களில் வரைந்தது. மரங்கள், ஒரு பாதை, தூரத்தில் வோர்த் என்கிற கோட்டை, பின்னால் மலை, வானம். மனிதர் ஒருவர்கூட இல்லை. ஐரோப்பாவில் வெறும் நிலக்காட்சியை மட்டும் வரைந்த முதல் ஓவியங்களில் அதுவும் ஒன்று. ஆல்ட்டோர்ஃபர் ரேகன்ஸ்பர்க் ஊர்க்காரர், வோர்த் அந்த ஊரில் இருந்து கொஞ்ச தூரம்தான், அதாவது தண்ணீர் இல்லை என்று எங்களைக் கூட்டிப் போகாத அதே டான்யூப் கரை! வீட்டுக்காரர் அதன் முன்னால் நின்று, கட்டிய காசுக்கு இதையாவது பார்த்தோமே என்றார், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்குபவர்கள் கவனிக்க: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருப்பவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். யாருக்காவது ஏதாவது வாங்க வேண்டும் என்றால் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் இருந்து அக்டோபர் தொடக்கம் வரை மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட், அப்போது ஓட்டல் விலையைக் கேட்டால் மயக்கமே வரும், அந்த நாட்களில் வேறு ஊர் பாருங்கள். மியூனிக் விமான நிலையத்துக்கு எஸ்1, எஸ்8 என்று இரண்டு ரயில்கள். எஸ்1 நொய்ஃபார்ன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும், பின்பாதிதான் விமான நிலையம் போகும், முன்பாதி ஃப்ரைசிங் ஊருக்குப் போய்விடும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம் என்றால் எஸ்8 பிடியுங்கள்.

விசா விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழைகிற நாட்டிடம். டான்யூப் கப்பல் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று நாட்டுக்கு நாடு தாண்டுவதால், கடைசியில் இரண்டு ராத்திரி ஜெர்மனியில் சேர்த்ததும் கணக்கே மாறிப்போகலாம். அதனால் தங்கலை முடிவு செய்துவிட்டு விசாவுக்குப் போங்கள், விசா வந்த பிறகு தங்கலை யோசிக்காதீர்கள். விசாவில் போட்டிருக்கும் நாட்கள் எண்ணிக்கையில் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. புடாபெஸ்டுக்குக் கீழே போகிற கப்பல்கள் பல செர்பியாவுக்குள் நுழையும், அது ஷெங்கன் இல்லை, ஒரே ஒரு முறை நுழைகிற விசாவை வைத்துக்கொண்டு அங்கே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல் ரேகை, முகப் படம் எடுத்துப் பதிவு செய்யும் முறையும் தொடங்கியிருக்கிறது, ஷெங்கனை விட்டுக் கிளம்பும்போதும் அதைச் சரிபார்ப்பார்கள் என்பதால் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுவது உத்தமம்.

ஜாம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் ஜாம் பிரசித்தம், கப்பலில் வந்த பாதிப் பேர் பாட்டில் பாட்டிலாக வாங்கினார்கள். விமான நிலையச் சோதனையில் ஜாமும் திரவக் கணக்குதான், பெரிய பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள். வரியைத் திரும்ப வாங்கும் எண்ணத்தில் ஏதாவது பொருள் வாங்கியிருந்தால், அதைப் பெட்டியோடு ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும், ஒப்படைத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இதெல்லாம் கூடுதல் செலவுதானே என்று கேட்பார்கள். செலவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு ராத்திரிக்குக் காசு போதாது என்றால் கப்பலில் பால்கனி வைத்த கேபினுக்குப் பதில் கீழ்த்தளத்துக் கேபின் எடுங்கள், தூங்குகிற நேரம் போக யாரும் கேபினில் இருப்பதில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். கப்பல் பயணக் கட்டுரை அடுத்த முறை வரும்போது, கப்பல் எங்கே கட்டப்படும், ஊர் நடுவிலா தள்ளியா, அங்கிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம், எந்த மாதத்தில் தண்ணீர் குறையும் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தாருங்கள். அதே பக்கத்தில் விளம்பரம் கொடுக்கிற டூர் கம்பெனிகளிடமே கேட்டு வாங்கிவிடலாமே.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி