சேரும் நாளை எழுதுங்கள்: மனிதவள மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர்களுக்கு,

வணக்கம். ஆர்டர் குறைந்தால் ஆளெடுப்பும் குறையும். அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் போன ஆண்டு ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள் இன்னும் வீட்டில் காத்திருக்க, இந்த ஆண்டுக்கான ஆள்தேர்வை அறிவித்துவிட்டீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

"பணியில் சேரும் நாள் பின்னர் தெரிவிக்கப்படும்." ஆஃபர் லெட்டரில் இந்த ஒரு வரி செய்கிற வேலை கொஞ்சமல்ல. கடிதத்தை ஏற்றுக்கொண்ட மாணவரைப் பல கல்லூரிகள் அடுத்த நிறுவனத்தின் நேர்காணலுக்கு அனுப்புவதில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் கெடுவும் முடிந்துபோகிறது. விசாரித்தால் "பிசினஸ் தேவையைப் பொறுத்து" என்று வார்த்தை மாறாமல் அதே பதில். பல மாதம் கழித்துத் திடீரென்று இன்னொரு தேர்வு. அதில் தவறினால் கடிதம் ரத்து. சரி, வேறு இடம் பார்க்கலாம் என்றால் "இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்" என்கிறது விளம்பரம். அவர் இப்போது ஃப்ரெஷரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை. "இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி?" என்று கேட்கப்போகிறவரும் உங்களில் ஒருவர்தான்.

பொருளாதார மந்த காலத்தில் பட்டம் வாங்கியவர்களைக் கனடாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். வேலையின்மை 5 சதவீதப் புள்ளி உயர்ந்தால் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைகிறது. அந்த இழப்பு மறைய ஏறக்குறைய 10 ஆண்டு ஆகிறது. மீண்டவர்களில் பலர் மேலும் நல்ல நிறுவனங்களுக்கு மாறித்தான் மீண்டார்கள். நாளில்லாத கடிதம் அடைப்பது அந்த வழியைத்தான்.

ஆகவே சேரும் நாளை எழுதுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் கடைசி நாள் ஒன்றையாவது எழுதுங்கள். அது தாண்டினால் இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற பாண்டும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது என்று அதே கடிதத்தில் இருக்கட்டும்.

அனுபவக் கூத்து தனி. தொடக்கநிலை வேலைக்கு 2 ஆண்டு அனுபவம் கட்டாயம் என்று மென்பொருளில் வடிகட்டி வைத்துவிடுகிறீர்கள். பயிற்சிப் பணி, புராஜெக்ட் எதுவும் அந்தக் கட்டத்துக்குள் வராது. ரெஸ்யூமே மனிதக் கண்ணில் படாமலே கழிந்துபோகிறது. பிறகு "தகுதியானவர்கள் கிடைப்பதில்லை" என்று மேடையில் அலுத்துக்கொள்கிறீர்கள். அபிமன்யுவைப் போலக் கருவிலேயே கற்றுவந்தவர்தான் வேண்டும்போல. அவனுக்காவது உள்ளே நுழையத் தெரிந்திருந்தது. இவர்களுக்கு நீங்கள் அதற்கும் வழி வைக்கவில்லை. சம்பளமில்லாமல் வாரக்கணக்கில் செய்யச் சொல்லும் "மாதிரி வேலை" பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் மரியாதையாக முடியாது.

கேட்க வந்தது ஒன்றே: சேரும் நாள். புதிய தேர்வை நடத்தும் முன், பழைய கடிதத்தோடு காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நாள் குறித்தோ, விடுவித்தோ எழுத்தில் பதில் அனுப்பிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டதாரிகளுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டுவோர் சிலர்