கலிங்கில் கட்டிய மீன் வலை

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அதிகாரிகள் ஏரிக்கரைகளைப் பார்வையிடும் செய்தி ஆண்டுதோறும் உங்கள் நாளிதழில் வருகிறது. அந்தப் பார்வையில் படாத கரைகளும் இருக்கின்றன. மலைத் தோட்டங்களிலும் சொகுசு விடுதிகளிலும் பண்ணை வீடுகளிலும் ஓடையை மண்போட்டு மறித்து, பெடல் படகு விடவும் தூண்டில் போடவும் கட்டிக்கொண்ட தனியார் குட்டைகளைச் சொல்கிறேன். உயரம் 4 அல்லது 5 மீட்டர்தான் இருக்கும். ஆனால் ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் 2 கோடி லிட்டர் தண்ணீர். எடை 20,000 டன். கீழே பள்ளத்தில் லைன் வீட்டில் தூங்குகிறவர்களுக்கு அது குட்டை இல்லை.

பாசன ஏரியைவிட இவற்றுக்குக் கண்காணிப்பு கூடுதலாக வேண்டும். ஏரியில் கோடைக்குள் தண்ணீர் இறங்கிவிடும். உட்சரிவு வெளியே தெரியும். வெடிப்பும் எலி வளையும் நண்டு வளையும் கண்ணில் படும். படகுக் குட்டையோ வருஷம் முழுக்கத் ததும்பி நின்றால்தான் விருந்தினருக்கு அழகு. அதனால் உள்பக்கம் என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. புது மழையைப் பிடித்துவைக்கவும் இடமிருக்காது. இது போதாதென்று, அழகுக்கும் வசதிக்கும் செய்கிற வேலைகள் எல்லாம் கரையைக் காப்பாற்றும் பாகங்களில்தான் கைவைக்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணையைச் செல்வந்தர்களின் மீன்பிடி சங்கம் ஒன்று பொழுதுபோக்குக்காக வைத்திருந்தது. குதிரை வண்டிகள் போக வழி அகலமாக வேண்டும் என்று கரையின் மேல்மட்டத்தைச் சீவித் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் வெளியேறாமல் இருக்க, மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் வாயான கலிங்கின் குறுக்கே இரும்புச் சல்லடை வைத்தார்கள். தண்ணீரை இறக்குவதற்கென இருந்த அடிக்குழாய்களை முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழற்றிவிட்டார்கள். சங்கம் அவற்றை மறுபடி பொருத்தவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் சல்லடையைக் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, கரை போனது. கீழே ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலும் 2,209 பேர் இறந்தார்கள்.

அது 22 மீட்டர் அணை, எங்களுடையது எங்கே என்று கேட்பார்கள். அமெரிக்காவிலேயே ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணைக்கு உயரம் சுமார் 11.6 மீட்டர், நீளம் 122 மீட்டர், உடைந்தபோது இருந்த தண்ணீர் 8 லட்சம் கன மீட்டருக்கும் குறைவு. 1957-இல் மின் உற்பத்தி நின்றபின் அது பொழுதுபோக்கு ஏரியாக மட்டுமே இருந்தது. வெளிச்சரிவு ஏறக்குறைய 45 பாகை செங்குத்து, அதில் மரங்கள். 1973-லேயே ஓரிடத்தில் மண் சரிந்திருந்தது. 1977 நவம்பர் 6 அதிகாலை 1.30 மணிக்கு உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொன்றது. நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் 500 மீட்டர் நீளமோ 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, அதுபோல வேறொரு தகுதியோ வேண்டும். ஆக, 39 பேரைக் கொன்ற அந்த அணை உயரம், நீளம், கொள்ளளவு எதை வைத்துப் பார்த்தாலும் நம் சட்டத்துக்குள் வராது. 5 மீட்டர் குட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதலில் கலிங்கு. 50 ஹெக்டேர் மலைச்சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது, மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை, அதில் அறுபது சதவீதம் ஓடி வருகிறது என்று வைத்தால் வினாடிக்கு 8 கன மீட்டருக்கு மேல் வரும். கலிங்கின் மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போகலாம் என்றால் அகலம் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. விடுதிக்காரர்கள் கலிங்குக்குப் பதிலாக 30 சென்டிமீட்டர் சிமென்ட் குழாய் இரண்டைப் பதித்துவிட்டு, மேலே புல்தரை போட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீர் மேலே நின்று அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்து அரை கன மீட்டர்கூட விடாது. மிச்சம் கரைமேல்தான் ஏறும். கரையின் உச்சி கலிங்கின் மட்டத்தைவிட ஒரு மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். அதுவும் நீளம் முழுக்க. வண்டி போய்ப் போய் நடுவில் 15 சென்டிமீட்டர் பள்ளம் விழுந்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் தாண்டும். கொத்தனாரின் மட்டக் குழாயை வைத்தே அரை நாளில் பார்த்துவிடலாம்.

கலிங்கில் வலை கட்டுவதையும் மரப்பாலத்துக்கு நெருக்கமாகக் கால் நடுவதையும் அடியோடு தடுக்க வேண்டும். சருகும் ஒரு வாழைமரமும் வந்து சிக்கினால் போதும். மீன் போனால் போகட்டும். குஞ்சு வாங்கி விட்டுக்கொள்ளலாம்.

நிழலுக்காகக் கரையில் நட்ட மரம் அடுத்த தொல்லை. பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் பாதை பிடிக்கும். அதற்காகக் குட்டை நிறைந்திருக்கும்போது பெரிய மரத்தை வேரோடு பிடுங்கினால் அது தற்கொலை. தண்ணீரை இறக்கிவிட்டுப் பிடுங்கி, குழியில் களிப்பான மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். தண்ணீரை இறக்குவதும் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். சட்டென்று வடித்தால் ஊறிக் கனத்திருக்கும் உட்சரிவு தாங்கும் தண்ணீரை இழந்து சரிந்துவிடும்.

கரையடியில் கசிவு இல்லாத மண் கரை அபூர்வம். கசிகிற அளவும் நிறமும்தான் செய்தி. கசிவை ஒரு சிறு கால்வாயில் சேர்த்து, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி என்று வாரம் ஒருமுறை சுவரில் எழுதி வையுங்கள். குட்டையின் மட்டம் ஏறாமலே வாளி சீக்கிரம் நிறையத் தொடங்கினால் உள்ளே வழி பெரிதாகிறது. அதே தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரையின் மண் வெளியேறுகிறது என்று பொருள். பெரும்பாலும் மதகுக் குழாயை ஒட்டித்தான் இது நடக்கும், ஏனென்றால் குழாயின் அடிவயிற்றில் மண்ணைச் சரியாக இடிக்க முடிவதில்லை. உடனே சிமென்ட் வைத்து வாயை அடைப்பது நம் ஊர் வழக்கம். அடைத்தால் அழுத்தம் ஏறி இன்னொரு இடத்தில் பீறிடும். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது: முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று கொட்டிவிட்டு, குட்டையை இறக்கத் தொடங்க வேண்டும்.

மழை இரவில் தண்ணீர் உச்சியை நெருங்கினால் கரையை வெட்டிவிடச் சிலர் மண்வெட்டியோடு ஓடுவார்கள். கொட்டிய மண்ணில் வெட்டினால் அந்த வாய் நம் கைக்கு அடங்காது. கரை முடிந்து இயற்கையான கெட்டித் தரை தொடங்கும் இடத்துக்கு அப்பால்தான் வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பியாக வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது பெரிய விஷயமில்லை. 3 மீட்டருக்கு மேல் உயரமும் கீழே குடியிருப்பும் உள்ள தனியார் குட்டைகளைக் கிராம நிர்வாக அலுவலர்கள் மூலம் பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் கலிங்கையும் கரையடியையும் பார்த்துக் கையெழுத்திடட்டும். வலையோ குழாயோ இருந்தால் எடுக்கும்வரை படகு ஓடக் கூடாது. மதகு வால்வை மூன்று மாதத்துக்கொருமுறை முழுக்கத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள், பல இடங்களில் சக்கரம் துருவேறி அசையாது. அதன் சாவியும், கீழ்வீடுகளின் தொலைபேசி எண்களும் மேலாளரின் அலமாரியில் இல்லாமல் இரவுக் காவலாளியிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
கோயம்புத்தூர்