வருகைப் பட்டியலில் என் அப்பா

கோலாலம்பூர் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் பட்டம் வாங்கியவள். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். முதல் செமஸ்டர் முழுக்க அங்கே என்னை அப்பா பெயரால்தான் அழைத்தார்கள். 'மிஸ்' போட்டு அப்பா பெயரைக் கூப்பிடுவார்கள், நான் கை தூக்குவேன். அப்பா லோரி ஓட்டுநர். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். கேள்விப்பட்டதும், "பரவாயில்லம்மா, அப்படியாவது நான் யுனிவர்சிட்டிக்குப் போனேனே" என்று சிரித்தார். அம்மாவுக்குத்தான் கோபம். எனக்குப் பெயர் வைத்தவர் அவர்.

மலேசியத் தமிழர்களான எங்கள் அடையாள அட்டையில் எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று இருக்கும். மலாயில் அனாக் பெரெம்புவான், அதாவது மகள். ஆண்களுக்கு 'ஏ/எல்'. மலாய்ப் பெயர்களில் 'பின்', 'பிந்தி' செய்யும் அதே வேலைதான். 'பிந்தி'க்கு அப்புறம் வரும் பெயரால் ஒரு மலாய் மாணவியை நீங்கள் கூப்பிட்டதுண்டா? சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதும் தெரிந்திருக்கிறது. எங்களிடம் வரும்போது மட்டும் கடைசியில் இருப்பது குடும்பப் பெயராகிவிடுகிறது. எங்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் அங்கேதான் நடந்தது. பெருமைதான். ஆனால் கணக்கியலுக்கும் பொறியியலுக்கும் போகும் பிள்ளைகள் அந்தத் துறையின் வாசலைக்கூட மிதிப்பதில்லையே. அவர்கள் பெயரைக் கூப்பிடுவது நீங்கள்தான்.

இரண்டாம் செமஸ்டரில் கிளந்தான் மாநிலத்துக்காரர் ஒருவர் பாடம் எடுக்க வந்தார். "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். என் பெயரில் ழகரம் உண்டு. மூன்று தடவை முயன்றார், நாக்கு மடியவில்லை. அப்புறம் வகுப்பே முயன்றது. (எங்களில் பலருக்கே ழ வராது, அது வேறு கதை.) ஒரு செமஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சீனப் பெண்ணுக்கு அன்றுதான் என் பெயர் தெரிந்தது. குழு வேலைக்கும் அவர் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் பிரித்தார். எங்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் மலாய்க்காரர் ஒரு பக்கம், சீனர் ஒரு பக்கம், நாங்கள் நாலு பேர் பின்வரிசையில். அதில் எங்கள் பங்கும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த செமஸ்டர் வருகைப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். 'எப்படி அழைக்க வேண்டும்?' என்று. அதை மாணவரே நிரப்பட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
செந்தூல், கோலாலம்பூர்