இழுவைப் படகையும் படத்தில் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு பெரிய சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள் வருகிற படம் போட்டிருந்தீர்கள். நல்ல படம். ஆனால் கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு கயிறு விறைப்பாக இறங்கி, படத்தின் ஓரத்தோடு முடிந்துவிட்டது. அதன் மறுமுனையில் ஒரு டக், அதாவது பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் திருப்புகிற இழுவைப் படகு, இருந்திருக்கும். அதை வெட்டிவிட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை கொச்சியில். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஃபோர்ட் கொச்சி நடைபாதைக்குப் போய்விடுவேன். அந்தக் கரைக்கும் வைப்பின் தீவுக்கும் நடுவில் உள்ள முகத்துவாரம் வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே வந்தாக வேண்டும் என்பதால், வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குப் போகிற கப்பல்கூட மேல்தளத்தில் நிற்கிறவர் கையசைத்தால் நமக்குத் தெரிகிற தூரத்தில்தான் போகும். சீன மீன்பிடி வலைகளுக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம் நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். எல்லோரும் அந்தக் கட்டடத்தையே பார்க்கிறார்கள், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிற முப்பது மீட்டர்ப் படகை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தடவை அதை மட்டும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கிற கப்பலுக்கு அடியில் அது போய் நிற்கும். மேலிருந்து மெல்லிய வீச்சுக்கயிறு ஒன்று விழும், டக்கில் இருப்பவர் அதைப் பிடித்து, மணிக்கட்டு கனத்துக்கு இருக்கும் இழுவைக் கயிற்றின் நுனியில் கட்டிவிடுவார், கப்பல்காரர்கள் மேலே இழுத்துக்கொள்வார்கள். இது முடிகிற வரைக்கும் இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. கப்பலின் பக்கச் சுவரில் வெள்ளைப் பெயின்டில் 'டக்' என்று ஆங்கிலத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். உள்ளே இரும்புச் சட்டம் வைத்துப் பலப்படுத்திய இடம் அதுதான், அங்கேதான் தள்ள வேண்டும். பல கப்பல்களில் அந்த எழுத்தைச் சுற்றி டக்கின் ரப்பர் உரசிய கறுப்புத் தடம் அப்பியிருக்கும், எத்தனையோ துறைமுகங்களின் தடம் அது. எனக்குப் பிடித்த படமே அதுதான். முழுக் கப்பலையும் பிடிக்க நினைக்காமல் ரப்பரும் இரும்பும் தொடுகிற அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், போனே போதும், பெரிய லென்ஸ் தேவையில்லை. ஆனால் கொச்சியில் கடற்படைக் கப்பல்களும் போகும், அவற்றைப் படம் எடுக்கக் கூடாது.

அந்தச் சின்னப் படகின் பலம் சாதாரணமானதல்ல. கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் துணை நிறுவனம் உடுப்பியில் கட்டிய டக்குகள் சிலவற்றுக்கு 62 டன் இழுவிசை. அடியில் இரண்டு உந்து விசிறிகளும் முழு வட்டமாகத் திரும்பும் என்பதால் தனியாகச் சுக்கான் இல்லை, நின்ற இடத்திலேயே சுழலும், நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். ஆபத்தும் உண்டு. கப்பல் முன்னே போய்விட்டு, கயிறு டக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் சில நொடிகளில் கவிழ்ந்துவிடும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரமே இருக்காது. இது தெரிந்த பிறகு, கயிறு விறைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.

2024 மார்ச் 26 நினைவிருக்கும். அமெரிக்காவில் பால்டிமோர் பாலத்தில் 'டாலி' கப்பல் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள் என்பதால் நம் ஊரிலும் நிறையப் பேசினோம். அன்று இரவு இரண்டு டக்குகள்தான் அந்தக் கப்பலைக் கரையிலிருந்து விடுவித்துக் கால்வாயில் நேராக்கிவிட்டன, வழக்கப்படி திரும்பியும் போய்விட்டன. அப்புறம்தான் கப்பலில் மின்சாரம் போனது. கூடவே போயிருந்தால் தடுத்திருக்கலாமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆளற்ற கால்வாயில் ஒரு கப்பல் தனியாகப் போவதைப் பார்த்தால் இப்போதெல்லாம் என் கண் டக் எங்கே என்று தேடுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பசுமை இழுவைப் படகுத் திட்டத்தின் முதல் கட்டத்தில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் இருக்கிறது. டீசல் டக்குகளை மின்கலம் போன்ற பசுமை ஆற்றலில் ஓடுபவையாக மாற்றிக்கொண்டே வருவார்கள். முழு விசையில் தள்ளும்போது புகைபோக்கியிலிருந்து குப்பென்று வரும் அந்தக் கறுப்புப் புகை படத்தில் இல்லாமல் போகும், போகட்டும், நாள் முழுக்க இன்ஜின் அறையில் நிற்பவரின் காதும் நெஞ்சும் பிழைக்கும். அதற்கு முன்னால் இப்போது ஓடுகிற படகுகளை யாராவது படம் எடுத்து வைக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் ஒரு துறைமுக வாசலில் கேமராவோடு நின்றதற்கு என்னை அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். பாதுகாப்பு அவசியம்தான், மறுக்கவில்லை. உள்ளே விடச் சொல்லவில்லை. காணும் பொங்கலுக்கு முயல் தீவில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர்கிறதே, அந்தப் பக்கமாகவே கப்பல் போகிற வழி தெரிகிற மாதிரி ஒரு மேடை, இன்ன இடத்தில் நின்று எடுக்கலாம் என்று ஒரு பலகை, அது போதும். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் கேட்பார்கள்.

அப்புறம், டக்கின் பெயர் அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். அடுத்த கப்பல் படத்தின் குறிப்பில் அதையும் சேருங்கள். நான் எடுத்த நான்கு படங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன், பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம், பணம் எதுவும் வேண்டாம். அந்தக் கயிற்றை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர், கொச்சியிலிருந்து