இடம் கிடைத்த பிறகு என்ன? அதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தப் படிப்பில் சேரலாம், எதற்கு வேலை கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது என்று உங்கள் கல்விப் பக்கத்தில் நிறைய வருகிறது. நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் இடம் கிடைத்துப் பிள்ளை உள்ளே காலடி வைத்த அன்றோடு அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது, அதற்கப்புறம்தான் அவர்களுக்கு உண்மையான குழப்பமே ஆரம்பிக்கிறது. நான் 17 வருடமாகப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஏழாவது, எட்டாவது வாரத்தில் என் அறை வாசலில் சில பிள்ளைகள் கலங்கிப்போய் வந்து நிற்பார்கள். படிக்காத பிள்ளைகள் இல்லை, பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள்கூட அதில் உண்டு. இங்கே எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ முன்பே பட்டம் படித்திருந்தால் படிப்புச் சுமையை அளக்கும் கிரெடிட் என்றால் என்ன, அசைன்மென்டைத் தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும், பேராசிரியரை எப்போது போய்ப் பார்க்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகப் படியேறும் பிள்ளைக்கு இதையெல்லாம் யார் சொல்வது? எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம், கேட்டால் தன்னைக் குறைவாக எடைபோடுவார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பருவமே போய்விடுகிறது.

போன வருடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. கையோடு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். தலைப்பெல்லாம் சிவப்பு மையில், அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது, திரையில் நான் காட்டியது வரிக்கு வரி அப்படியே இருந்தது. எத்தனை தடவை படித்தாய் என்று கேட்டேன், ஆறு தடவை மேடம் என்றாள். சரி, நோட்டை மூடு என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மூன்றாவது பாடத்தை உன் வார்த்தையில் எழுது என்றேன். இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. நோட்டில் அது எந்தப் பக்கம், எந்த மூலை என்பதுவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது, அங்கே என்ன எழுதியிருந்தது என்பதுதான் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் உழைப்பில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை, வழிதான் தவறு.

இது அவள் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்கள் ஒரு சிறு பகுதியை இரண்டு முறை படித்தார்கள், இன்னொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பகுதியே கொஞ்சம் அதிகமாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்த பகுதியில் 42. திரும்பப் படிக்கும்போது பழகிய வரிகள் கண்ணில் படுவதால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்த உணர்வை நம்பித்தான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். வகுப்பு முடிந்த அன்றே பத்து நிமிடம் உட்கார்ந்து, நோட்டைத் திறக்காமல், இன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தாலே போதும், எது புரியவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான் வகுப்பு, நிறைய ஓய்வு இருக்கிறது என்று முதல் மாதத்தில் சொல்லாத மாணவரே கிடையாது. ஐரோப்பாவில் பொதுவாகப் பின்பற்றும் முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக வருடத்துக்கு 1,500 மணி நேரமாவது வருகிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும். கணக்கு நாட்டுக்கு நாடு மாறலாம், ஆனால் அட்டவணையில் காலியாகத் தெரியும் அந்தக் கட்டங்கள்தான் படிப்பின் பெரும்பகுதி. முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு திட்டத்தாள் தருவோம், எதற்கு எத்தனை மதிப்பெண், எது எந்தத் தேதிக்குள் என்று அதில் இருக்கும். எல்லாப் பாடத்தின் தேதிகளையும் எடுத்து ஒரே நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள், ஒன்பதாவது வாரத்தில் மூன்று வேலை ஒன்றாக வந்து விழுவது முதல் நாளே தெரிந்துவிடும்.

அப்புறம், கேள்வி கேட்பது. மாணவர்களைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் நான் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன், பல வாரம் ஒருவரும் வருவதில்லை. வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன காலடிச் சத்தத்தைக் கேட்டு எழுந்து போய்க் கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளைகளே, அந்த நேரம் உங்களுடையது, வந்தால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை, சந்தோஷம்தான். வரும்போது "ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்லாமல், "இந்த வரிவரை வந்துவிட்டேன், இதிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனீர்கள்" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

இன்னொன்று என்னை ரொம்பவே வருத்துகிறது. ஒரு கட்டுரையில் நாலு வார்த்தையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு, சொந்தமாக எழுதியதாக நம்பிக் கொடுக்கிறார்கள். பள்ளியில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால்தான் மதிப்பெண், இங்கே அதையே செய்தால் திருட்டு என்று விசாரணை வருகிறது. நேற்றுவரை பாராட்டியதற்கு இன்று ஏன் தண்டனை என்று அந்தப் பிள்ளை திகைத்துப்போகிறது. ஒரு கருத்தை எங்கிருந்து எடுத்தோமோ அதைச் சொல்ல வேண்டும், வார்த்தையை மாற்றினாலும் சொல்ல வேண்டும், இதை முதல் வகுப்பிலேயே நாங்கள் உட்காரவைத்துச் சொல்லித் தர வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு, இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் மேற்கோள் காட்டுகின்றன. இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலானவற்றுக்கு டிஓஐ (DOI) என்று ஓர் அடையாள எண் உண்டு, 10 என்று தொடங்கும். அதை டிஓஐ இணையதளத்தில் போட்டால் கட்டுரை இருக்கும் பக்கத்துக்கே போய்ச் சேரும். வேறு ஏதோ கட்டுரை வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, நூலகரிடம் காட்டாமல் அந்த மேற்கோளைத் தொடாதீர்கள். நூலகர்களிடம் போய்ப் பேசுங்கள், புத்தகம் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர்கள் வேலை இல்லை, எப்படித் தேடுவது என்றும் அவர்கள் சொல்லித் தருவார்கள்.

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கதை மாதிரி படிக்கவும் வேண்டாம். சுருக்கத்தைப் படித்துவிட்டு முடிவுரைக்குப் போங்கள், படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் நடுப்பகுதிக்கு வாருங்கள். முதல் கட்டுரையில் பாதி புரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த மாணவி இரண்டாம் பருவத்தில் நோட்டின் இடது பக்கத்தைக் காலியாக விட்டு எழுத ஆரம்பித்தாள். வலது பக்கத்தில் வகுப்பில் கேட்டது, இடது பக்கத்தில் அன்று இரவு மூடிவைத்து யோசித்தபோது எழுந்த கேள்விகள். சிவப்பு மை இப்போது அந்தக் கேள்விகளுக்கு மட்டும்தான்.

ஐயா, சேர்க்கைக் காலத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் இதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள், என்னைவிட அவர்கள் சொன்னால் புதியவர்கள் நம்புவார்கள். வெளியானால் வெட்டி எடுத்து என் அறைக் கதவில், அந்தப் பிள்ளைகள் வந்து நிற்கும் உயரத்தில், ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஒரு விரிவுரையாளர்