தீபாவளிக்கு என்ன உடுத்துவாய்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெல்பர்னில் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பப் போகிறாய் என்பதை நம்பவே நேரம் பிடித்தது. அம்மாவுக்கு வயதாகிறது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிறாய். சரி, வா. இங்கே வேலை தேடுவதற்கு முன்னால் முடியை வளர்க்க வேண்டுமா, நேர்காணலுக்குப் பாவாடையும் ஹீல்ஸும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியை வளர்க்காதே. பாவாடைக்குக் காசை வீணாக்காதே.

நீ போன காலத்து ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலக வட்டாரம் இல்லை இது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று பார். தோளை விட்டு வழிகிற பெரிய பிளேசர், மடிப்பு வைத்த தொளதொள கால்சட்டை, தட்டையான லோஃபர் காலணி என்று பாதிப் பெண்கள் நாம் அந்தக் காலத்தில் உடுத்திய மாதிரியே நடக்கிறார்கள். பையன்களில் சிலர் கழுத்தில் முத்துமாலையும் நகத்தில் சாயமும். நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "அப்பா சட்டையா?" என்று கேட்டுச் சிரித்தார்களே, நினைவிருக்கிறதா? இப்போது பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் என் சட்டையைப் பார்த்து, "எந்தக் கடை அக்கா?" என்கிறாள். முஸ்தஃபா பேரங்காடியில் ஆண்கள் பகுதியில் வாங்கி, தேக்கா சந்தை மாடியில் தையல்காரரிடம் கொடுத்துத் தோளையும் நீளத்தையும் பிடித்துக்கொண்டேன் என்றேன். ஏதோ ஜப்பானிய பிராண்டை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல.

நம்மைப் போலத் தன்பாலினரை விரும்புகிறவர்கள் போட்டது பிறகு எல்லாருக்கும் வருவது புதிதில்லை என்பதும் உனக்குத் தெரியும். 1892-இல் ஆஸ்கர் வைல்டு தன் நாடகத்தின் முதல் நாளன்று நண்பர்களைச் சட்டையில் பச்சை கார்னேஷன் பூ குத்திக்கொண்டு வரச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பூவுக்கே தன்பாலின ஆண்களின் அடையாளம் என்று பெயர் வந்துவிட்டது. 1970-களில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஆண்கள் ஜீன்ஸ் பின்பையில் எந்த நிறக் கைக்குட்டை, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை வைத்தே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். பெண்கள் பக்கம் குட்டை முடி, கனமான பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் காராபினர், அதாவது மலையேறுகிறவர்கள் மாட்டும் கொக்கி வளையம். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் 1966-இல் ஆண்களின் விருந்து உடையான டக்சீடோவைப் பெண்களுக்கென்று வெட்டினாரே, அதற்கு முப்பது வருஷம் முன்பே நடிகை மார்லீன் டீட்ரிச் அதைப் போட்டுக்கொண்டு திரையில் நின்றாகிவிட்டது. அப்படியும் அமெரிக்க செனட் அவைக்குள் பெண்கள் கால்சட்டையோடு போக முடிந்தது 1993-இல்தான். ஓரத்தில் நிற்பவர்கள் துணிந்து போட வேண்டியது, பணக்காரத் தையல்காரர் பார்க்க வேண்டியது, பிறகு அது பேரங்காடியில் தள்ளுபடியில் தொங்க வேண்டியது. எப்போதும் இந்த வரிசைதான்.

திருடிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. சொல்லப் போனால் என் அளவு லோஃபர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு நஷ்டம், ரயிலில் நம்மைப் போலப் பெண்களை விரும்புகிறவள் யார் என்று அடையாளம் தெரிவதில்லை. முன்பெல்லாம் எதிர் இருக்கையில் ஒரு பெண்ணின் கைக்கடிகாரத்தையும் நகத்தையும் பார்த்தாலே போதும், சின்னதாக ஒரு தலையசைப்பு, அன்றைய நாள் நன்றாகப் போகும். இப்போது காராபினர் மாட்டியவள் வெறுமனே மலையேறுகிறவளாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள். துணி பொதுவாகிவிட்டதே தவிர, அதைப் பார்க்கும் கண் இன்னும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு ஒல்லி உடம்பு, நீள முடி, உதட்டுச் சாயம், மேசைமேல் காதலனோடு எடுத்த படம். அவள் ஆண் பிளேசர் போட்டால் "ஸ்டைல்". அதே வெட்டு, அதே சாம்பல் நிறம், ஐம்பதைத் தொடப் போகும் என் மேல் இருந்தால், வாடிக்கையாளர் வரும் நாளில் மேலாளர் வந்து "இன்று கொஞ்சம் மென்மையாக வரலாமே" என்கிறார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்ன பதில் சொல்வது? நானும் சிரித்துவிட்டு அப்படியே கூட்டத்துக்குப் போனேன். வாடிக்கையாளர் எண்களைத்தான் பார்த்தார்.

சட்டத்தைப் பற்றி நீ அங்கே படித்திருப்பாய். ஆண்களுக்கிடையே உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு போய்விட்டது, 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது, 2023 ஜனவரி முதல் இல்லை. அது ஆண்களைப் பற்றியது மட்டும்தான், பெண்களை அந்தச் சட்டம் கண்டுகொண்டதே இல்லை. இருந்தாலும் அன்று இரவு நான் உனக்குப் போன் செய்து அழுதேன். ஆனால் 2025 ஜனவரியில் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டத்தை எடுத்துப் பார். வயது, நாட்டுரிமை, பால், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம் எல்லாம் இருக்கிறது. பாலியல் ஈர்ப்பும் பாலின அடையாளமும் இல்லை. எந்தப் பாகுபாட்டையும் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகளைக் கொண்டு புகார் செய்யலாம் என்கிறது அரசு. செய்யலாம்தான். ஆனால் சட்டத்தில் பெயர் இருப்பதும் வழிகாட்டியில் அடங்குவதும் ஒன்றில்லை. நீ சிறிய நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், இருபத்தைந்து பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு அந்தச் சட்டம் தொடக்கத்தில் பொருந்தாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். தன்பாலினத்தவரின் பெருமை மாதம் என்று ஜூனில் வானவில் நிறத்தில் அடையாள அட்டைக் கழுத்துப்பட்டை கொடுக்கும் நிறுவனம் என்பதற்காக மட்டும் நம்பிவிடாதே. கையெழுத்துப் போடும் முன் மருத்துவக் காப்பீட்டில் துணைக்கு யாரையெல்லாம் சேர்க்கலாம் என்று கேள். பட்டையின் சாயம் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம், நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம் இதுதான். அலுவலகத்தில் ஆண் உடை, பெண் உடை என்ற கோடு முந்நூறு நாளும் மங்கலாகத்தான் இருக்கிறது. அது மறுபடி தடித்த மையில் விழுவது பாரம்பரிய உடை நாளன்று. சீனப் புத்தாண்டுக்குச் சியோங்சாம், நோன்புப் பெருநாளுக்குப் பாஜு கூரோங், தீபாவளிக்குச் சேலை. வாரம் முழுக்கக் கால்சட்டையில் வருகிற பெண்கள் அன்று ஒருவர் விடாமல் பெண்ணாக வர வேண்டும். மனிதவளத் துறையின் உடை விதியில் இது கிடையாது, அவர்கள் "விரும்பினால் அணியலாம்" என்று மின்னஞ்சல் அனுப்புவதோடு சரி. விதி நம் ஆட்களிடம் இருக்கிறது.

பல வருஷம் அன்றைக்கு விடுப்பு எடுத்துவிடுவேன். போன தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு ஜிப்பா போட்டுக்கொண்டு போனேன். கத்தரிப்பூ நிறம், கழுத்தில் மெல்லிய சரிகை, கீழே வெள்ளைக் கால்சட்டை. மலாய்த் தோழி "ஹேண்ட்ஸம் லா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சீன மேலாளருக்கு வித்தியாசமே தெரியவில்லை, அழகான இந்திய உடை என்று என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார். முகம் மாறியது கணக்குப் பிரிவில் இருக்கும் நம் அக்காவுக்கு மட்டும். "ஏம்மா, இன்னிக்காவது ஒரு சேலை கட்டக் கூடாதா, லட்சுமி மாதிரி இருப்பே" என்றார். அன்பாகத்தான் சொன்னார், முறுக்கும் கொடுத்தார். அதுதான் சங்கடம். மேலாளரின் "மென்மை"யைச் சிரித்துத் தள்ளிவிடலாம், முறுக்கு கொடுத்த கையை எப்படித் தள்ளுவது?

பாரம்பரியம் என்று சொல்கிறவர்களின் வீட்டுப் பழைய படங்களைப் பார்க்க வேண்டும். என் கொள்ளுத்தாத்தா குடுமி வைத்து, இரண்டு காதிலும் கடுக்கன் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் 1970-களில் இங்கே இருந்திருந்தால், "நீள முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள்" என்று எழுதி வைத்த அரசு அலுவலக வரிசையில் கடைசியில் நிற்க வைத்திருப்பார்கள். முடி காதை மூடக் கூடாது, சட்டைக் காலரைத் தாண்டக் கூடாது என்று படம் போட்டே ஒட்டியிருந்தார்களே. இன்று அதே ஊரில் பையன்கள் ஒற்றைக் காதணியோடு வங்கிக்கு வேலைக்குப் போகிறார்கள். பொது மருத்துவமனைகளில் முஸ்லிம் தாதியர் 2021 நவம்பரிலிருந்து சீருடையோடு தூடோங் என்கிற தலைத்துணி அணிகிறார்கள். அதற்கும் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எனக்குச் சேலை மேல் பகை இல்லை. நீ வெள்ளைச் சட்டைக்கு மேல் அம்மாவின் சுங்குடியைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை; இப்போது அதுவும் நாகரிகமாகிவிட்டது, சென்னைப் பெண்கள் படம் படமாகப் போடுகிறார்கள். நீ அதைக் கட்டு. ஆசைப்பட்டுக் கட்டுவதும் அக்காவின் முகத்துக்காகக் கட்டுவதும் வேறு வேறு என்பதை நீயே எனக்கு ஒரு காலத்தில் சொன்னாய்.

நேர்காணலுக்கு வருவோம். கறுப்பு வேண்டாம், கடற்படை நீலம் எடு. வெளியே வேர்க்கும், உள்ளே குளிர்சாதனம் எலும்பைக் குடையும், ஆகவே மெல்லிய கம்பளியில் அரை உள்துணி வைத்த பிளேசர் போதும். மெல்பர்னில் இருப்பதைக் கொண்டுவராதே, கனம். தோள் சரியாக உட்கார்ந்தால் ஆண் கோட்டா பெண் கோட்டா என்று யாரும் கேட்பதில்லை, தொங்கினால்தான் கேட்கிறார்கள்.

தேக்காக்காரர் தீபாவளி நெருங்கினால் புது ஆர்டர் வாங்க மாட்டார். அதனால் உனக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய சட்டையை அளவுச் சட்டையாக இப்போதே அஞ்சலில் அனுப்பிவிடு. பிளேசரோடு உனக்கும் ஒரு ஜிப்பா தைக்கக் கொடுக்கிறேன். என்ன நிறம் என்று எழுது, கத்தரிப்பூ மட்டும் கேட்காதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி